சுண்டெலிக்குப் பலித்த எண்ணெய்

(நாக்பூரில் நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீங்கள் கெமிஸ்ட்ரி படித்தவர், ஏதாவது ஆரோக்கிய விஷயமாகப் பேசுங்கோ" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். சர்க்கரை வியாதி, ரத்த அழுத்தம், முழங்கால் வலி எல்லாவற்றையும் பற்றி டாக்டர்கள் இங்கே பேசியாகிவிட்டது. நான் டாக்டர் அல்ல. பி.எஸ்ஸி. ரசாயனம் படித்துவிட்டு முப்பத்தைந்து வருஷம் மத்திய அரசாங்கத்தில் கோப்புகளைப் பார்த்தவன். ஆகவே வைத்தியம் சொல்லப் போவதில்லை. 1962-இல் திறக்கப்பட்டு இன்னும் மூடப்படாமல் மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருக்கும் ஓர் ஆராய்ச்சிக் கோப்பைப் பற்றிச் சொல்லப் போகிறேன். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய், அந்த நோயில் உடம்பின் கொழுப்பு அமிலங்கள் மாறிப்போவது, அதை மிருகங்களை வைத்து ஆராய்ந்தது, இவைதான் விஷயம். இதில் நமக்கென்ன என்று கேட்பீர்கள். நம் குடும்பங்களிலும் இந்த நோய் இருக்கிறது. அந்த ஆராய்ச்சியின் பெயரைச் சொல்லி விற்கப்படும் எண்ணெய்க் குப்பிகளும் நம் வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன.

முதலில் நோயைப் பார்ப்போம். நம் உடம்பில் செல்களின் மேற்சவ்வில் குளோரைடு உப்பு போய்வர ஒரு சிறிய மதகு இருக்கிறது. சி.எஃப்.டி.ஆர். என்று அதற்குப் பெயர். 1,480 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். அதற்கான மரபணு ஏழாவது குரோமோசோமில் இருப்பதை 1989-இல் டொராண்டோவில் லாப்-சீ ட்சுய், ஜாக் ரியோர்டன் ஆகியோரும் மிச்சிகனில் ஃபிரான்ஸிஸ் காலின்ஸும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். அந்த மதகு வேலை செய்யாவிட்டால் உப்பும் அதைத் தொடர்ந்து போகும் நீரும் சரியாக வெளியே வராது. நீர்த்து இருக்க வேண்டிய சுரப்புகள் பசைபோல் ஆகிவிடும். நுரையீரலில் சளி தேங்கிக் கிருமிகள் குடியேறும். கணையத்தின் நாளங்கள் அடைத்துக்கொண்டு, கொழுப்பைச் செரிக்க வேண்டிய நொதிகள் குடலுக்கு வந்து சேராது. குழந்தை எவ்வளவு சாப்பிட்டாலும் எடை ஏறாது, மலத்தில் எண்ணெய் மிதக்கும். வியர்வைச் சுரப்பியில் மட்டும் கதை நேர்மாறு. உப்பு உள்ளே திரும்பப் போகாமல் வெளியே கொட்டிவிடும். முத்தமிட்டால் நெற்றி உப்புக் கரிக்கும் குழந்தை நீண்ட நாள் இருக்காது என்று ஐரோப்பாவில் பழங்காலத்திலேயே ஒரு பேச்சு உண்டு. அதை விஞ்ஞானமாக்கியவர் நியூயார்க்கில் இருந்த டாக்டர் டி சாண்ட் ஆக்னீஸ். 1953-இல் இந்தக் குழந்தைகளின் வியர்வையில் உப்பு அதிகம் என்று நிறுவினார். நோய்க்குப் பெயர் கொடுத்து அதைத் தனி நோயாக 1938-இல் விவரித்தவர் டோரதி ஆண்டர்சன் என்ற அம்மையார்.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் வெறும் சுமப்பவர், அவருக்கு ஒன்றும் தெரியாது. இரு சுமப்பவர்கள் கல்யாணம் செய்துகொண்டால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு சாத்தியம். கோத்திரம் வேறாக இருந்தால் போதும் என்று நாம் அத்தை பிள்ளைக்கும் மாமா பெண்ணுக்கும் முடிச்சுப் போடுகிறோம். கோத்திரம் அப்பா வழியில் போவது. மரபணுவோ பாட்டி வழியிலும் வரும். இதை யார் மனமும் நோகச் சொல்லவில்லை, கணக்கு அப்படி.

இப்போது கொழுப்புக்கு வருவோம். 1920-களின் கடைசி வரை கொழுப்பு என்றால் வெறும் எரிபொருள், அது இல்லாவிட்டால் அரிசியும் பருப்பும் ஈடுகட்டிவிடும் என்றுதான் நினைத்தார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரட் பர் என்ற தம்பதிகள் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத ஆகாரம் போட்டுப் பார்த்தார்கள். எலிகளின் தோலும் வாலும் செதில் செதிலாக உரிந்தன, வளர்ச்சி நின்றது. லினோலிக் அமிலம் கொஞ்சம் கொடுத்ததும் தேறின. 1929, 1930-இல் வெளியான அந்தக் கட்டுரைகளிலிருந்துதான் 'இன்றியமையாத கொழுப்பு அமிலம்' என்ற பேச்சே தொடங்குகிறது. உடம்பால் செய்துகொள்ள முடியாது, வெளியிலிருந்து வர வேண்டும் என்று பொருள்.

நம் நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் லினோலிக் அமிலம் நிறைய உண்டு. அதில் கரி அணுக்கள் 18, இரட்டைப் பிணைப்பு 2. உடம்பு இதை நீட்டி, இன்னும் இரண்டு இரட்டைப் பிணைப்புகளைச் சேர்த்து, 20 கரி அணுக்கள் கொண்ட அராக்கிடோனிக் அமிலமாக்குகிறது. அதிலிருந்துதான் வீக்கம், வலி, ஜுரம் ஆகியவற்றை மூட்டும் புராஸ்டாகிளாண்டின் போன்ற பொருள்கள் உண்டாகின்றன. ஆஸ்பிரின் மாத்திரை தடுப்பது அதைத்தான். இது ஒமேகா-6 வரிசை. பக்கத்திலேயே ஒமேகா-3 வரிசை ஒன்று ஓடுகிறது. ஆளி விதையிலும் ஓரளவு கடுகெண்ணெயிலும் இருக்கும் ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தில் தொடங்கி, 22 கரி அணுக்களும் 6 இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட டி.எச்.ஏ. என்பதில் முடிகிறது. இரண்டு வரிசைக்கும் வேலை செய்யும் நொதிகள் ஒன்றே. ஒரே கவுண்டரில் இரண்டு கியூ நிற்பது மாதிரி. நம் உடம்பு ஆளி விதையிலிருந்து டி.எச்.ஏ. தயாரிப்பது மிகவும் சொற்பம். மீனில் அது நிறைய இருக்கிறது. மீனும் தானாகச் செய்வதைவிடக் கடற்பாசியிலிருந்து வாங்கிக்கொள்வதுதான் அதிகம். அந்தப் பாசியிலிருந்தே நேராக எடுத்த சைவ டி.எச்.ஏ.வும் கடைகளில் உண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1962-இல் கூவோ, ஹுவாங், பாஸெட் என்ற மூன்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தைகளின் கொழுப்பில் லினோலிக் அமிலம் குறைந்திருப்பதைக் கண்டார்கள். கோப்பு அங்கே திறந்தது. முதல் குறிப்பு எல்லோருக்கும் தோன்றக்கூடியதுதான்: கொழுப்புச் செரிக்கவில்லை, ஆகவே குறைகிறது. ஆனால் கணையம் ஓரளவு நன்றாக இருந்த நோயாளிகளிடமும் இந்தக் குறை தெரிந்தது. அப்படியென்றால் நோயினால் கொழுப்பு மாறுகிறதா, கொழுப்பு மாறுவதால் நோய் வளர்கிறதா? 1975-இல் நியூஜிலாந்தின் எலியட் ஒரு குழந்தைக்குச் சோயா எண்ணெய்க் குழம்பை ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தியதில் நல்ல முன்னேற்றம் கண்டதாக எழுதினார். மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் நிலைக்கவில்லை.

மனிதர்களிடம் இதைத் தீர்க்க முடியாது. ஒருவர் மருந்து சாப்பிடுவார், ஒருவர் சாப்பிடமாட்டார். ஒருவருக்கு நுரையீரலில் கிருமி இருக்கும், இன்னொருவருக்கு இராது. ஆகாரம் வீட்டுக்கு வீடு வேறு. அதனால்தான் மிருகம் தேவைப்பட்டது. 1992-இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் சி.எஃப்.டி.ஆர். மரபணுவை அணைத்துவிட்ட முதல் சுண்டெலியை உண்டாக்கினார்கள். அந்தக் குழுவில் இருந்த ஆலிவர் ஸ்மிதீஸ் மரபணுவைக் குறிவைத்து மாற்றும் முறைக்காக 2007-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் சுண்டெலி மனிதன் மாதிரி நோய்ப்படவில்லை. குடல் அடைத்துக்கொண்டு பல குஞ்சுகள் ஒன்றரை மாதத்துக்குள் செத்தன. அதைத் தவிர்க்கத் திரவ ஆகாரம் போட வேண்டியிருந்தது. நுரையீரலோ ஏறக்குறைய நன்றாகவே இருந்தது. குளோரைடுக்குச் சுண்டெலியிடம் வேறொரு மாற்று மதகு உண்டு. கணையத்திலும் பெரிய சேதமில்லை.

இந்தக் குறைதான் நம் கேள்விக்குச் சௌகரியமாயிற்று. கணையம் கெடாத மிருகத்திலும் கொழுப்பு அமிலம் மாறியிருந்தால், அது செரிமானக் கோளாறால் வந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. 1999-இல் பாஸ்டனில் ஸ்டீவன் ஃப்ரீட்மன் குழுவினர் அதைத்தான் பார்த்தார்கள். கணையம், சிறுகுடலின் கடைப்பகுதி, நுரையீரல் என்று இந்த நோய் தாக்கும் உறுப்புகளின் சவ்வுகளில் அராக்கிடோனிக் அமிலம் கூடியிருந்தது, டி.எச்.ஏ. குறைந்திருந்தது. அதோடு நிற்காமல் தினம் 40 மில்லிகிராம் டி.எச்.ஏ.வை ஒரு வாரம் வாய்வழியாகக் கொடுத்தார்கள். ஏற்றத்தாழ்வு சரியாயிற்று. கணையத்திலும் குடலிலும் தெரிந்த மாறுதல்களும் பின்வாங்கின. அமெரிக்க விஞ்ஞானக் கழகத்தின் இதழில் வந்த அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் எவ்வளவு உற்சாகப்பட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மரபணுவைத் தொடாமல், ஓர் எண்ணெயால்! 2004-இல் அதே குழு மனிதர்களின் மூக்கிலிருந்தும் மலக்குடலிலிருந்தும் துளித் திசு எடுத்துப் பார்த்து, நோயாளிகளிடமும் அந்த விகிதம் கோணியிருப்பதைக் காட்டியது. நோயே இல்லாத சுமப்பவர்களிடம் அது நடுவில் இருந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்த குறிப்பு அதுதான். ஆரோக்கியமாக நடமாடும் ஒருவரிடம்கூடப் பாதியளவு தெரிகிறது என்றால், அது இருமலாலோ செரிமானக் குறைவாலோ வந்திருக்க முடியாதல்லவா?

அதே 2004-இல் எதிர்க்குறிப்பும் வந்துவிட்டது. நெதர்லாந்தின் வெர்னர், வெர்காடே முதலியோர் இருவகை நோய்ச் சுண்டெலிகளை எடுத்து, அடையாளம் போட்ட கரி அணுக்கள் கொண்ட கொழுப்பு அமிலத்தை ஊட்டி, அது உடம்பில் எப்படி மாறுகிறது என்று பின்தொடர்ந்தார்கள். நோய்ச் சுண்டெலியும் அதன் கூடப் பிறந்த நல்ல சுண்டெலியும் ஒரே மாதிரிதான் மாற்றின. கணையத்திலும் நுரையீரலிலும் குடலிலும் அளவுகள் சமம். ஆனால் அதே சுண்டெலிகளை, ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் வேறொரு வம்சத்துச் சுண்டெலியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்தது! வம்சம்தான் பெரிதாகப் பேசுகிறது, இந்த மரபணுவுக்கும் கொழுப்புக் கோணலுக்கும் பிரிக்க முடியாத பந்தம் இல்லை என்று முடித்தார்கள்.

சுண்டெலி ஆராய்ச்சி என்று பத்திரிகையில் எது வந்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: யாரோடு ஒப்பிட்டார்கள்? ஒரு வீட்டுப் பிள்ளை குள்ளமாக இருக்கிறானா என்று பார்க்க அவன் அண்ணன் தம்பியோடு நிறுத்திப் பார்க்க வேண்டும். பஞ்சாபிலிருந்து ஒருவனைக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்தினால் நம் பிள்ளைகள் எல்லோருமே நோயாளிகள் ஆகிவிடுவார்கள்.

பிறகு உடம்பையே விட்டுவிட்டுக் கண்ணாடித் தட்டில் வளர்த்த மூச்சுக்குழாய்ச் செல்களில் பார்த்தார்கள். 2008-லும் அதற்குப் பிறகும் அமெரிக்க ஆய்வகங்களில் வந்த முடிவுகளின்படி, மதகு பழுதான செல்களில் லினோலிக்கை அராக்கிடோனிக்காக்கும் நொதிகள் அதிகச் சுறுசுறுப்பாக இருக்கின்றன. அதனால்தான் லினோலிக் குறைகிறது. டி.எச்.ஏ.வைச் சேர்த்தால் அந்த நொதிகள் அடங்குகின்றன. தட்டில் குடலும் இல்லை, கணையமும் இல்லை, சாப்பாடும் நாம் ஊற்றியதுதான். ஆகவே ஃப்ரீட்மன் சொன்னதில் சாரம் இல்லை என்று தள்ளிவிட முடியாது. இன்னொன்றும் தோன்றுகிறது. லினோலிக் குறைகிறதே என்று மேலும் மேலும் அதையே கொட்டினால், அது வீக்கம் மூட்டும் பக்கத்துக்குத்தானே போய்ச் சேரும்? எலியட்டின் சோயா எண்ணெய் மற்றவர்களிடம் ஏன் எடுபடவில்லை என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் யூகம்.

2008-இல் இன்னொரு மிருகம் வந்தது. அயோவா, மிசௌரி பல்கலைக்கழகங்கள் சி.எஃப்.டி.ஆர். இல்லாத பன்றிக்குட்டிகளை உண்டாக்கின. இவை மனிதக் குழந்தையை அப்படியே நகல் எடுத்தன. பிறக்கும்போதே குடலடைப்பு, கணையச் சிதைவு, சில மாதங்களில் நுரையீரலில் கிருமி. சுண்டெலி காட்டாததைப் பன்றி காட்டிற்று. மரநாய் இனத்தைச் சேர்ந்த ஃபெரட் என்ற மிருகத்திலும் செய்தார்கள். ஆனால் பன்றி வளர்க்கச் செலவு அதிகம், பிறந்தவுடன் அறுவை சிகிச்சை செய்தால்தான் பிழைக்கும். ஆகவே கொழுப்பு அமில ஆராய்ச்சியில் பெரும்பகுதி இன்னமும் சுண்டெலியின் முதுகில்தான்.

மனிதர்களுக்கு டி.எச்.ஏ. கொடுத்தால்? கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் டி.எச்.ஏ. ஏறுகிறது, அதில் சந்தேகமில்லை. மூச்சு நன்றாக வருகிறதா, எடை ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. ஸ்பெயினில் 96 நோயாளிகளைக் கொண்டு 48 வாரம் நடத்தி 2020-இல் வெளியான ஒரு சோதனையில், மருந்து எது வெற்று எண்ணெய் எது என்று யாருக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்த்ததில், பலன் காணவில்லை. அளவையும் கவனியுங்கள். சுண்டெலியின் எடை சுமார் 20 கிராம். அதற்குத் தினம் 40 மில்லிகிராம். எடைக்கு எடை கணக்குப் போட்டால் 15 கிலோ குழந்தைக்குத் தினம் 30 கிராம் சுத்த டி.எச்.ஏ.! மருந்து நிபுணர்கள் அப்படி நேராகப் பெருக்கமாட்டார்கள், உடற்பரப்பை வைத்துக் குறைப்பார்கள். அப்படியும் மூன்று, நான்கு கிராம் வரும். கடையில் குழந்தைகளுக்கு என்று விற்கும் குப்பியில் நூறு, இருநூறு மில்லிகிராம் இருந்தால் அதிகம்.

இந்தக் கணக்கை நான் முதலில் போட்டது என் அத்தங்காவின் பேரனுக்காக. பையனுக்கு இரண்டு வயதிலிருந்தே இருமல், எடையே ஏறவில்லை. ஒரு பெரிய ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் ஆஸ்துமா என்றார்கள், பிறகு பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்று ஆறு மாதம் மருந்து கொடுத்தார்கள். "குழந்தையைக் கொஞ்சினா உப்புக் கரிக்கறதுடா" என்று அத்தங்கா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நாலு வயதில் வேறோர் ஊரில் ஓர் இளம் டாக்டர் வியர்வைச் சோதனை செய்தார். குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் எட்டினாலே நோய் என்று கொள்வார்கள். இவனுக்கு நூறைத் தாண்டியிருந்தது.

டாக்டர் கணைய நொதிக் காப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார், ஒவ்வொரு வேளை ஆகாரத்தோடும். அது பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. வீட்டில் யாரோ அட்டையில் இருந்ததைப் படித்துச் சொல்லிவிட, பெரிய குழப்பம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வேளை கொடுப்பதும் ஒரு வேளை விடுவதுமாகப் போயிற்று. அந்தச் சமயத்தில்தான் பையனின் அப்பா ஃப்ரீட்மனின் கட்டுரையைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, பாசியிலிருந்து எடுத்த சைவ டி.எச்.ஏ.வை வரவழைத்தார். சைவம், இயற்கை, அமெரிக்க ஆராய்ச்சி! எல்லோருக்கும் மனசு லேசாயிற்று. மலத்தில் எண்ணெய் போகிறதே என்று நெய்யையும் நிறுத்தினார்கள். என்னிடம் கட்டுரையைக் கொடுத்து, "மாமா, நீங்க சயன்ஸ் படிச்சவர், சரிதானே?" என்று கேட்டார்கள்.

நான் மூன்று மாலைகள் உட்கார்ந்து விளக்கினேன். டி.எச்.ஏ. கெடுதல் என்று சொல்லவில்லை. நொதி வராத குடலில் அந்த எண்ணெயும் பாதி வெளியேதான் போகும். அந்தச் சுண்டெலிக்குக் கணையம் நன்றாக இருந்தது, இவனுக்கு இல்லை. இந்த நோயாளிகளில் சுமார் 85 சதவீதம் பேருக்குக் கணைய நொதி போதாது. ஆகவே இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. நெய் விஷயமாக அவர்களுக்கு ஒரு பழைய கணக்கைக் காட்டினேன். பாஸ்டனிலும் டொராண்டோவிலும் வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் டொராண்டோவில் நொதியைத் தாராளமாகக் கொடுத்துக் கொழுப்பையும் தாராளமாகச் சாப்பிடச் சொன்னார்கள், பாஸ்டனில் கொழுப்பைக் குறைத்தார்கள். 1988-இல் ஒப்பிட்டபோது நோயாளிகளின் இடைநிலை ஆயுள் டொராண்டோவில் 30 வருஷம், பாஸ்டனில் 21. எந்தச் சுண்டெலியும் வேண்டியிருக்கவில்லை.

பன்றி விஷயத்தில் என் அபிப்பிராயம் இது. சென்ற தலைமுறையில் நம் மனிதர்கள் எத்தனையோ பேர் மாடு, பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினைப் போட்டுக்கொண்டு சந்தியாவந்தனமும் செய்துகொண்டு தொண்ணூறு வயது வரை இருந்தார்கள். அது ஔஷதம், ஆகாரம் அல்ல. ஒப்புக்கொள்ளாதவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கலாம். அவர்கள் தங்கள் விஷயத்தில் எப்படி வேண்டுமானாலும் முடிவு செய்யட்டும், நாலு வயதுக் குழந்தையின் விஷயத்தில் வேண்டாம்.

பையனுக்கு இப்போது ஒன்பது வயது. காப்ஸ்யூலை முன்பெல்லாம் பிரித்து ஆப்பிள் மசியலில் கலந்து கொடுப்பார்கள், இப்போது தானே விழுங்குகிறான். நெய் சாதம் உண்டு. தினம் சளி வெளியேற்றும் உடற்பயிற்சி உண்டு. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உண்டு. வெயில் காலத்தில் உப்புக் கரைத்த மோர். நம் நாக்பூர் வெயிலில் இந்தக் குழந்தைகள் உப்பிழந்து மயங்கிவிடுவார்கள். சைவ டி.எச்.ஏ.வையும் டாக்டரின் சம்மதத்தோடு கொஞ்சம் கொடுக்கிறார்கள், நான் தடுக்கவில்லை.

மதகையே சரிசெய்யும் மாத்திரைகள் அமெரிக்காவில் 2012 முதல் வந்திருக்கின்றன. மூன்று மருந்துகள் சேர்ந்த மாத்திரை 2019-இல் அனுமதி பெற்றபோது விலை வருஷத்துக்குச் சுமார் 3 லட்சம் டாலர். அது முக்கியமாக 508-ஆம் இடத்து அமினோ அமிலம் விடுபட்டுப்போன வகைக்குச் செய்யப்பட்டது. வெள்ளையர்களிடம் அந்த வகைதான் பெரும்பான்மை. நம்மவரிடம் அது அவ்வளவு இல்லை, வேறு பல வகைகள் உண்டு. ஆகவே எந்த வகை என்று மரபணுச் சோதனை செய்து தெரிந்துகொள்ளாமல், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் அந்த மாத்திரையை வாங்கி அனுப்பச் சொல்லாதீர்கள்.

வியர்வைச் சோதனைக்கு வருகிறேன். அதற்கு ஊசி இல்லை, வலியும் இல்லை. வெளிநாட்டுக் கருவி இல்லாமல் நம் நாட்டிலேயே குறைந்த செலவில் அதைச் செய்யும் முறையைத் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2002-லேயே எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். பிறந்த குழந்தைகள் எல்லோருக்கும் இந்த நோயைச் சோதிக்கும் தேசியத் திட்டம் நம்மிடம் இல்லாததால், கேட்டு வாங்க வேண்டியது நாம்தான். விடாத இருமல், ஏறாத எடை, எண்ணெய் மலம், உப்புக் கரிக்கும் தோல், இவை சேர்ந்து இருந்தால் "ஸ்வெட் டெஸ்ட் பண்ணலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். அண்ணன் தம்பி குழந்தைகளுக்கும் பார்க்கச் சொல்லுங்கள்.

காபி தயார் என்று சமையலறையிலிருந்து கையைக் காட்டுகிறார்கள். கேள்விகள் இருந்தால் அங்கேயே நின்று பேசலாம்.